பல் டாக்டர் அனுப்பிய இடம்

யுத்தத்தின் நான்காவது வருஷம் என் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. கல்லைக் கடிக்கவில்லை, முறுக்கு தின்னவில்லை. காலையில் எழுந்து வாய் கொப்பளித்தேன். ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மாட்டுங்காவில் இரண்டு அறை வீட்டில் அம்மாவும் பெண்ணுமாக நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்பா போய் வெகுநாள் ஆகியிருந்தது. அண்ணன் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மலாயாவுக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

நான் டைப்பிஸ்டாக இருந்தது கோட்டைப் பகுதியில் ஒரு ராணுவ ஆபீஸில். தினமும் பதினோரு மணிக்குப் பட்டியல் வரும். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், கைதியானவர். ஒவ்வொரு பெயருக்கும் அவரவர் வீட்டுக்கு நாங்கள் கடிதம் அடிக்க வேண்டும். வாசகம் மாறாது, பெயரும் ஊரும்தான் மாறும். பியூன் பட்டியல் கட்டை மேஜையில் வைத்ததும் நான் முதலில் அண்ணனின் முதலெழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தேடுவேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். மறுநாள் பதினோரு மணி வரைக்கும்தான் அந்த மூச்சு. இப்படி ஒன்றரை வருஷம். சோறு தொண்டையில் நின்றது. கழுத்து திரும்பவில்லை. டிராம் மணி அடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. டானிக், கஷாயம், லேகியம் எல்லாம் குடித்தாயிற்று.

தாதரில் இருந்த பல் டாக்டர் மராத்திக்காரர். மிச்சப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மற்ற பற்களை விளக்கடியில் பார்த்தார்.

"தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள். எல்லாப் பல்லும் தேய்ந்திருக்கிறது. என்னால் பல்லைத்தான் எடுக்க முடியும்" என்றார் இந்தியில். பிறகு ஒரு சீட்டில் பரேலில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையும் ஒரு டாக்டரம்மாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பரேலில் இறங்கினேன். டாக்டரம்மா பார்ஸிக்காரர், நாற்பது வயதிருக்கும். அறையில் இரண்டு நாற்காலிகள் மட்டும். நாடி பார்க்கவில்லை, மருந்து எழுதவில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு கைகளை இறுக்கி மூடச் சொன்னார். பத்து எண்ணி, விடச் சொன்னார். அடுத்து தோள், அதன் பிறகு தாடை. தாடையை விடச் சொன்னபோது எனக்கு விடத் தெரியவில்லை. அது விட்டுத்தான் இருக்கிறது என்று சாதித்தேன். அவர் என் கையை எடுத்து என் கன்னத்திலேயே வைத்தார். உள்ளே கல் மாதிரி இருந்தது.

இரண்டு சனிக்கிழமை அப்படியே போயிற்று. அண்ணனைப் பற்றிச் சொன்னேன், பட்டியலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் தூங்கவும் செய்தேன். மூன்றாவது வாரம் அவர் கேட்டார்:

"எல்லாம் சொல்கிறீர்கள். போன வருஷம் மழைக்காலம் வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். அப்போது என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை" என்றேன். எழுந்தும் விட்டேன். அவர் தடுக்கவில்லை. கதவுவரை போய், அங்கேயே நின்றுகொண்டு சொன்னேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இறந்தவர் பட்டியலில் அண்ணனின் பெயர் இருந்தது. அதே முதலெழுத்து, அதே பெயர். அப்பா பெயரும் ஊரும் அடுத்த அறையில் வேறொரு பதிவேட்டில் இருக்கும். போய்ப் பார்க்க வேண்டியதுதான். என்னால் போக முடியவில்லை. அந்தத் தாளை மடித்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். அம்மா பரிமாறிய ரசத்தைச் சாப்பிட்டேன், அவளோடு கோவிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ஹெட்கிளார்க் ஒரு தாள் குறைகிறதே என்று கேட்டார். கட்டுகளுக்கு நடுவில் கிடந்ததாகப் பொய் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அவரே பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா பெயர் வேறு. ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம்.

"அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா?" என்று கேட்டேன். "சந்தோஷம். அந்தப் பையனின் அம்மாவுக்குக் கடிதம் அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு அடித்தேன். என்னால் அவளுக்கு நாலு நாள் தாமதமாகத் தெரிந்தது."

டாக்டரம்மா ஐயோ பாவம் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லியிருந்தால் நான் வெளியே போயிருப்பேன்.

"சந்தோஷம் தானாக வந்தது. தாளை நீங்கள் ஒளித்தீர்கள்" என்றார். "இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள். முதலாவதற்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இரண்டாவதற்கு ஏதாவது செய்ய முடியுமா, யோசித்துப் பாருங்கள்."

வந்து உட்கார்ந்தேன். அழுதேன். அடுத்தவர் வெளியே காத்திருந்தும் அவர் என்னை எழுப்பவில்லை.

திங்கட்கிழமை ஹெட்கிளார்க் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும், கேஸ்கூடப் போடலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "உங்கள் அண்ணன் அங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உங்களை அந்த மேஜையில் உட்கார வைத்தது என் தப்பு" என்றார். அன்று முதல் மலாயாப் பட்டியலை ஒரு கோவாக்காரப் பெண் படித்தாள். எனக்கு ஆப்பிரிக்கப் பட்டியல் வந்தது. அதுவும் சாவுதான். ஆனால் பதினோரு மணி அடித்தால் கை ஜில்லிடுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இதற்குள் நான் பரேலில் இறங்குவது வீட்டுக்கு எட்டிவிட்டது. மாடிவீட்டு மாமி பார்த்துச் சொல்லியிருந்தாள்.

"அது பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டராமே? நோக்கு என்னடி பைத்தியமா பிடிச்சிருக்கு?" அம்மா வாசற்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "கல்யாணமாக வேண்டிய பொண்ணு. நாலு பேர் காதுல விழுந்தா அப்பறம் யார் வருவா?"

"வராட்டா போகட்டும்மா. நேக்கு சோறு எறங்கறது, பாத்தயோல்லியோ?"

"அண்ணாவப் பத்தி ஏதாவது தெரியுமா? எங்கிட்ட மறைக்கறயா?"

அந்தக் கேள்வியை அவள் அதுவரை கேட்டதே இல்லை. எனக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இருந்ததில்லை. அன்றைக்குத் தாள் விஷயத்தை அவளிடமும் சொன்னேன். அவள் அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் அண்ணனோடு கைதி முகாமில் இருந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அண்ணன் பிடிபட்ட முதல் மாதமே ஜுரத்தில் போய்விட்டான். நான் பட்டியல்களில் தேடிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவன் இல்லை. நான் அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். எங்கே, எத்தனை நாள் கிடந்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள். டாக்டரம்மாவிடம் போவதற்கு முன்னால் என்றால் எனக்கு அந்த வாய் வந்திருக்காது.

அம்மா அழவில்லை. பதினைந்து நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டே, "அந்த டாக்டரம்மா இன்னும் இருக்காளா?" என்று கேட்டாள்.

அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இந்தி, காய்கறிக்காரியோடு பேரம் பேசுகிற அளவுக்குத்தான். நான் மொழிபெயர்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீ வெளில இருடி."

வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் அந்த மார்க்கெட் இந்தி விட்டுவிட்டுக் கேட்டது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளே தனியாக ரயிலேறிப் போனாள்.