ஒரு மண்டலம் என்று எழுதிய பலகை

திண்டிவனத்தில் ரோஜா மாவுக் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. எடையில் ஏமாந்தேன் என்று இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை. தராசுத் தட்டில் தூசி தெரிந்தால் ஊதித் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பாள். கேப்பையில் ஒரு கல் அகப்பட்டால் மூட்டை முழுவதையும் மறுபடி புடைப்பாள். கணவன் ராஜ்குமார் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வடநாட்டில் இருப்பார். வறுப்பது, அரைப்பது, பாக்கெட் போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான்.

இப்படிப்பட்டவள் ஊரறியப் பொய் சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளுக்கே அது பொய் என்று தோன்றவில்லை. அதுதான் கொடுமை.

போன ஆடியில் கேப்பை, கொள்ளு, வெந்தயம், நாவல்கொட்டை சேர்த்து ஒரு கஞ்சி மாவு அரைத்தாள். நல்ல மாவுதான், குறை சொல்ல முடியாது. பலகை எழுத விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற பிரவீன்குமாரிடம் போனாள்.

"சர்க்கரைக்கு நல்லதுன்னு போட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்க்கா. சர்க்கரை போயே போச்சுன்னு போடணும். எத்தினி நாள்லன்னு மட்டும் சொல்லுங்க."

ரோஜா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மண்டலம்னு போடு தம்பி. கேக்க நல்லா இருக்கும்."

அவன் வாசகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒருவர் படத்தையும் ஒட்டினான்.

"யாருப்பா இந்த டாக்டரு?"

"யாருக்குத் தெரியும்? நெட்ல எடுத்தேன். சும்மா ஒரு கெத்துக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பலகை கடை நெற்றியில் ஏறியது. அதே வாசகத்தையும் படத்தையும் நோட்டீஸாக அடித்து, அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் கொடுக்க ஆள் வைத்தாள். மாவு அரைக்க அரைக்கத் தீர்ந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் கோவிந்தம்மாள் வந்தாள். வளத்திப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம். வழக்கமாக அவள் புருஷன் சக்கரபாணிதான் மாவு வாங்க வருவார்.

"வாங்கம்மா. ஐயா வரலியா?"

"அவரு ஆஸ்பத்திரில கீறாரும்மா. மூணு நாளு நெனப்பே இல்ல. நேத்துதான் கண்ணத் தொறந்தாரு. கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. நீ ஜல்தியா ரெண்டு பாக்கெட் குடு, பஸ்ஸப் புடிக்கணும்."

ரோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா சொல்றீங்க? சர்க்கரை மாத்திர போட்டுக்கினுதான இருந்தாரு?"

கோவிந்தம்மாள் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "மண்டலம் இருக்கறப்ப எப்டிம்மா மாத்திர போடுவாரு? அம்மனுக்கு மாலை போட்டா மாதிரி அவ்ளோ சுத்தமா இருந்தாரு. கவிச்சி தொடல. வேற மருந்து தொடல. ஊசியும் போட்டுக்கல. டாக்டரே படத்துல நின்னு சொல்றாரு, அப்புறம் இன்னான்னாரு. முப்பத்தாறு நாளு முடிஞ்சிது. இன்னும் பன்னண்டு நாளுதான். நடுவுல உட்டா தப்பாயிடும், குடும்மா."

பாக்கெட்டுக்கு நீட்டிய கை ரோஜாவுக்கு அந்தரத்தில் நின்றது. கேட்க நன்றாக இருக்கும் என்று போட்ட ஒரு வார்த்தையை விரதமாகப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் சாகக் கிடந்திருக்கிறார். பெண்டாட்டியோ சண்டைக்கு வரவில்லை, மிச்ச நாளுக்கு மாவு கேட்டு நிற்கிறாள்.

"குடுக்க மாட்டேம்மா."

"ஏம்மா?"

"இந்த மாவுல சர்க்கரை போகாது. நான்தான் பொய் எழுதிட்டேன்."

"அப்ப அந்த டாக்டரு?"

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா."

கோவிந்தம்மாள் திட்டியிருந்தால் தேவலை. கேப்பை மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தாள். "இத நான் அவருகிட்ட எப்டி சொல்லுவேன்?" என்றாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் ரோஜா ஸ்டூல் போட்டு ஏறி, பலகையைத் தன் கையாலேயே கிழித்தாள். அன்றைக்கே விழுப்புரத்துக்குப் போய், உணவுப் பாதுகாப்பு அதிகாரி கலைமதி முன்னால் நோட்டீஸை வைத்தாள்.

"சாப்பிடற பொருள் நோயத் தீர்க்கும்னு எழுதவே கூடாதும்மா," என்றார் அவர். "உள்ள என்ன இருக்கு, எவ்வளவு எடை, எப்ப அரைச்சது, அதை எழுதுங்க. வேற எதைச் சொன்னாலும் சொல்றதுக்கு முன்னாடி ஆதாரம் கையில இருக்கணும். டாக்டர் படமெல்லாம் வேணாம்."

"அடியில பொடி எழுத்துல, மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு போட்டிருந்தா?"

"பெரிய எழுத்துல பொய்ய சொல்லிட்டுப் பொடி எழுத்துல நெசத்த சொன்னா, அதுவும் ஏமாத்துதான்."

"பலகைய கிழிச்சிட்டேன் மேடம்."

"நோட்டீஸ் எங்க குடுத்தீங்க?"

"மலையனூர்ல."

"அப்ப அங்க போய் சொல்லுங்க. நடவடிக்கை தனியா வரும், அது வேற."

அடுத்த அமாவாசை. மத்தியானமே கோயில் தெருவில் நடக்க இடமில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ரோஜாவே மைக்கைப் பிடித்தாள்.

"நான் திண்டிவனம் மாவுக்கடை ரோஜா. என் மாவுல சர்க்கரை நோய் தீராதுங்க. நோட்டீஸ்ல இருக்கறது பொய்யிங்க. அதுல இருக்கற டாக்டர எனக்குத் தெரியாதுங்க. யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க."

புது மாதிரி விளம்பரம் என்று சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சக்கரபாணி ஒருத்தர் மாத்திரையை நிறுத்தியதற்காக ஊர் முழுக்கச் சொல்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் முறை சொல்லும்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மடித்து மடித்துக் கிழிந்த நோட்டீஸ் கையில் இருந்தது.

"எனக்கு இன்னிக்கு முப்பத்தொண்ணாவது நாளுக்கா. அப்ப மாத்திர போட்டுக்கணுமா?"

அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர், பேரன் தோளைப் பிடித்தபடி. "எனக்குப் பத்தொம்போதும்மா." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தேங்காய்க் கடைப் பக்கமிருந்தும் ஆட்கள் ஆட்டோவைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள்.

ரோஜாவுக்கு மைக்கை அணைக்கத் தோன்றவில்லை. "இன்னும் எத்தினி பேருய்யா?" என்று அவள் அழுதது கோயில் வாசல்வரை கேட்டது.