தம்பிக்கு நான் தடுத்த ரிலீஸ்

என் தம்பியின் வாழ்வில் சில நல்ல ஆண்டுகளை நான் பறித்துவிட்டேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அதை முதலில் சொன்னால்தான் அவரைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேச முடியும். மகிழ்ச்சியாகத்தான் பேசப் போகிறேன்!

தம்பி பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடலோர ஊரில். நடக்கத் தொடங்கியதுமே அலைக்குள் ஓடியவர். நானோ விடுதியில் தங்கிப் படித்ததால் நீச்சலே தெரியாதவன். அப்பா கடல்தொழில் செய்தே அவரைக் கட்டடப் பொறியாளர் ஆக்கினார். குவைத்தில் நான் கணக்கராக இருந்த கம்பெனியிலேயே அவருக்கு விசா வாங்கினேன்.

பிறகு அங்கே மங்காஃப் பகுதியில் ஒரு நீச்சல் பயிற்சி நிலையம் அவரை வேலைக்கு அழைத்தது. விசா தந்த முதலாளியான கஃபீல், வேலை மாற அனுமதிக்கும் ‘ரிலீஸ்’ கொடுத்தால்தான் அங்கே போக முடியும். தம்பி என் ரூமுக்கு ஓடிவந்தார்.

“எண்ணே, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கணுமாம்!”

“இன்ஜினியரிங் படிச்சிட்டு அரை டவுசரோட நிக்கப் போறியால? ஊர்ல என்னன்னு சொல்ல?”

“படிச்சது எங்கிட்டதானண்ணே இருக்கு. யாரும் புடுங்கிட்டுப் போகலியே.”

மறுநாள் அவருக்குத் தெரியாமல் கஃபீலிடம் போய், ரிலீஸ் தர வேண்டாம் என்றேன். அவரும் தம்பிக்கு ரிலீஸ் மறுத்துவிட்டார். தம்பி குறை சொல்லாமல் கட்டட சைட்டுக்கே போய்வந்தார். அவர் படிப்பு வீணாகக் கூடாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். காப்பாற்றியது என் பெருமையை.

ஆண்டுகள் கழித்து, கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தோம். தண்ணீரைக் கண்டாலே அலறும் ஒரு சிறுமியைத் தம்பி உள்ளங்கையில் ஏந்தி, “சும்மா படு தாயி, கடல் தூக்கும்” என்றார். மிதந்தாள்! கரையே கைதட்டியது. தம்பி சிரித்த அந்தச் சிரிப்பை சைட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த வேலைநாளே அவரைக் கூட்டிக்கொண்டு கஃபீலிடம் போனேன். எனக்காகத் தம்பிக்கு ரிலீஸ் கொடுங்கள் என்றேன். கஃபீல் சிரித்தார்.

“அச்சா பாய்! அன்னிக்கு ரிலீஸ் மாஃபி, குடுக்காதேன்னு நீதானே சொன்னே?”

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். ரிலீஸ் கிடைத்தது. வெளியே வந்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கார் அருகே வந்ததும் அவர் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை குளத்துக்கு வாங்கண்ணே. ஒங்களத்தான் மொதல்ல சேக்கப் போறேன்.”

“இந்த வயசுலயா?”

“ஊருக்குப் பயந்திய. தண்ணிக்குமா பயப்படுதிய?”

அதன்பின் கடைசிக் காய்ச்சல் படுக்கவைக்கும்வரை அவர் குளத்தை விட்டு வரவில்லை. குவைத் ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்துக்கொண்ட நம் ஊர் நர்சுகளுக்கும், ஊர்வரை அவர் உடலோடு வந்த நண்பர்களுக்கும், கண்ணீரோடு வந்து நின்ற, அவரிடம் நீச்சல் கற்ற பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. நம் வீட்டு விசேஷங்களில் இனி எந்தப் பட்டதாரியையும் ‘படிச்ச வேலையா பாக்க?’ என்று கேட்காதீர்கள்.

நானும் அந்த வெள்ளிக்கிழமை போனேன். முதுகுக்குக் கீழே தம்பியின் கை இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “விட்டுராதல!” என்று கத்தினேன். பதில் குளத்தின் அந்தக் கரையிலிருந்து வந்தது: “விட்டு நேரமாச்சுண்ணே!”