டோரீன் நோவாக் மூடிவைத்த பேனா

அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் டோரீன் நோவாக்கைப் பற்றி நல்லதாகப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. இரும்பாலைத் தொழிலாளியின் மகள், தட்டுத்தடுமாறிப் படித்து மத்திய அரசு வக்கீலானவள். லஞ்சக் கேஸில் அவள் கைவைத்தால் சாமானியமாக யாரும் தப்ப முடியாது. வெறுக்கவும் முடியாத பெண், அதுதான் வயிற்றெரிச்சலே.

வெர்ன் டுகன் ஒரு லாரிக் கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிறவன். முதலாளி கொடுத்த பண உறைகளை நகரசபை உறுப்பினர் ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மாட்டிக்கொண்டான். சட்டைக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு மறுபடி அந்த ஆளிடம் போனால் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் குறைக்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்க வேண்டியது அரசு வக்கீல்தான். ஒப்பந்தக் காகிதத்திலோ, 'அலுவலகம் முடிவு செய்யும்' என்று மட்டும் இருந்தது.

"ஆபீஸுன்னா யாரு மேடம்? செவுரா வந்து பேசும்?" என்றான் வெர்ன்.

"நான் பேசுவேன் வெர்ன். தீர்ப்பன்னைக்கு நானே எழுந்து நின்னு பேசுவேன்."

"உங்கப்பாவும் நானும் வெள்ளிக்கிழமையானா சர்ச்சுல ஒண்ணா மீன் சாப்பிட்டவங்க. அந்த மனுஷன் பொண்ணு சொன்னா எனக்குப் போதும்."

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னான். ஒரு தடவை அவன் மச்சான் உறையிலிருந்து கொஞ்சம் உருவிவிட்டானாம். எழுதிவைத்தால் எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். அதனால் இந்த மாதிரிப் பேச்சு வந்தால் பேனாவை மூடிவைப்பது அந்த அலுவலகத்தில் சொல்லாமல் நடக்கும் பழக்கம். டோரீனும் மூடிவைத்தாள். கூட இருந்த அதிகாரி காபி வாங்கப் போயிருந்தார்.

"சின்ன விஷயம், விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

வெர்ன் உயிரைப் பணயம் வைத்துப் பதிவு செய்தான், கூண்டில் ஏறிச் சாட்சியும் சொன்னான். உறுப்பினர் உள்ளே போனார், டோரீன் படம் பேப்பரில் வந்தது. அந்த வாரமே ஏரிக்கரைக் கோபுரத்திலிருந்த பெரிய வக்கீல் நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. நேற்றுவரை அவள் துரத்திய மாதிரி ஆட்களைக் காப்பாற்றுகிற வேலை. போனாள். காட்டிக்கொடுத்தவனுக்குக் கடைசியில்தான் தண்டனை சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் நாற்காலியில் உட்கார்ந்த ப்ரைஸ் ஹாலனுக்கு மச்சான் விஷயம் எப்படியோ எட்டியது. "மறைச்சிருக்கான். பொய்க்காரனுக்கு நான் ஏன் சலுகை கேக்கணும்?" என்றான். "நோவாக் மேடம்கிட்ட மொத நாளே சொன்னேனே!" என்று வெர்ன் அலறினான். கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

வெர்னின் மனைவி லொரெய்ன் போன் செய்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. கெஞ்சிக் கேக்குறேன்."

டோரீன் நிறுவனத்துப் பெரியவரிடம் கேட்டாள். "சொல்லு, தாராளமா சொல்லு. வேணும்னே எழுதாம விட்டேன்னும் சேத்துச் சொல்லணும். அந்தக் கேஸும் கவுந்துரும், உன் லைசென்ஸும் போயிரும்" என்றார் அவர்.

"பழைய கேஸைப் பத்தி நான் பேசக்கூடாது லொரெய்ன்" என்று சொல்லி போனை வைத்தாள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, பயம் சொன்னது. பாவி, ஒரே ஒரு வார்த்தை!

வெர்னுக்கு ஏழு வருஷம். காட்டிக்கொடுத்தவன் என்று சிறைக்குள் தெரிந்துபோக, குளிக்குமிடத்தில் வைத்து அடித்தார்கள். இடது கண் போயிற்று.

காலம் ஓடியது. டோரீன் அரசுப் பக்கமே திரும்பினாள், லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குத் தலைவியாக. பழைய ஆட்கள் கேக் வெட்டி வரவேற்றார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் மில்ட் சோகோல் என்கிற கூரை வேலைக்காரன் தன் வக்கீலோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவன் வாயைத் திறந்தால் பெரிய தலை ஒன்று உருளும். 'அலுவலகம் முடிவு செய்யும்' என்கிற அதே ஒப்பந்தக் காகிதத்தை அவள் நீட்டினாள்.

"வெர்ன் எங்க தெருதான், வெளிய வந்துட்டான்" என்றான் மில்ட். "வரதுக்கு முன்னாடி அவன்கிட்ட யோசனை கேட்டேன்."

டோரீன் கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

"உங்களைத் திட்டலை. 'அந்தம்மா மனசாரத்தான் சொல்வாங்க, நம்பலாம். தீர்ப்பன்னைக்கு அந்த ஆபீஸ்ல இருப்பாங்களான்னு மட்டும் கேட்டுக்க'ன்னான். இருப்பீங்களா மேடம்?"

போன வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக் கோபுரத்தில் அவளுக்கு மதியச் சாப்பாடு. மறுபடி வரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருந்தாள்.

"இருப்பேன்" என்றாள் டோரீன்.

மில்ட் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.