சுவீடன் உறுதிக்கு ஒரு சாட்சி குறைந்த கதை

இத்தாலியின் பலெர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது தொழில். தெரியாததைத் தெரிந்தவன் போலச் சொல்வதிலும் அப்போது எனக்குப் பதினெட்டு வருட அனுபவம்.

நகரின் சீசா பகுதியில் வீட்டு வேலை செய்யும் யசிந்தா அக்கா ஒரு கவரோடு வந்தார். இருபது வருடம் இத்தாலியச் சிக்னோராமாரின் வீடுகளைத் துடைத்துச் சேர்த்ததில், சுவீடனில் மகளுக்குப் பக்கத்தில் சிறிய வீடொன்று வாங்கியிருந்தார். கவருக்குள் அந்த வீட்டின் உறுதி, சுவீடிஷில் எழுதிய கிரயப் பத்திரம்.

“தம்பி, வீடு என்ர பேருக்கு வந்திட்டுதோ?”

எனக்குச் சுவீடிஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கழுத்தில் டை இருந்தது. இத்தாலியிலும் ஊரிலும் உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசே பதிவையும் பார்த்துக்கொள்வார். சுவீடனில் மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது?

“ஓம் அக்கா, நொத்தாரிசு பதிஞ்சிருப்பார். கவனமா வையுங்கோ,” என்று சொல்லி, உறுதியை லாமினேட்டும் செய்து கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் மகள் சுவீடனிலிருந்து போன் எடுத்தாள்.

“மாமா, லாக்ஃபார்ட், அதுதான் உரிமைப் பதிவு, போட்டாச்சோ? இஞ்சை நொத்தாரிசு வீடு பதியிறதில்லை. வீட்டை வாங்கின ஆள்தான் மூண்டு மாசத்துக்குள்ள உரிமையைப் பதிய விண்ணப்பிக்க வேணும். அதுவரைக்கும் பதிவிலை வித்தவற்றை பேர்தான். அவற்றை கையெழுத்துக்கு ரெண்டு சாட்சியும் வேணும், அம்மா அனுப்பின படத்திலை ஒண்டுதான் இருக்கு. மற்றச் சாட்சியை அந்தத் தாளிலையே கையெழுத்து வைக்கச் சொல்லுவம்.”

“பிள்ளை, தாள் பிளாஸ்டிக்குக்குள்ளை இருக்கு.”

விற்றவர் மறுபடி கையெழுத்து வைக்க மறுத்தால், அக்காவின் இருபது வருடமும் என் லாமினேட் மெஷினோடு போய்விடும். அக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

“அக்கா, எனக்குச் சுவீடிஷ் தெரியாது.”

“எனக்கும் தெரியாதுதானே தம்பி. அதுக்குத்தானே உங்களிட்டை வந்தனான்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு வெட்கத்தில் தலை குனிந்தேன்.

விற்ற முதியவர் நல்ல மனிதர். அயலவர் இருவரைச் சாட்சி வைத்துப் புதிய உறுதியில் கையெழுத்திட்டு அனுப்பினார். அக்காவும் கையெழுத்து வைத்தார். நான் அதைத் தொடவேயில்லை. தவணையின் கடைசி வாரத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது; வீடு அக்காவின் பெயருக்கு வந்தது.

அடுத்த மாதம் ஒருவர் ஜெர்மன் கடிதத்தோடு வந்தார். “எனக்குத் தெரியாது, விசாரிச்சுத்தான் சொல்லுவன்,” என்றேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்த மற்றத் தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தார்.