நாச்சியாரும் ஒரு பாசுர கோஷ்டியும்

நாச்சியார் காவல்துறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். முழங்கால் தேய்ந்துபோனதால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சேத்தூரில் வீட்டோடு இருக்கிறார் என்றுதான் தூரத்துச் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் அவரை வீட்டில் பார்க்க முடியாது. ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு சர்ச்சின் பின்பக்க அறையிலோ, பள்ளிவாசல் ஜமாத்திலோ, பஜனை மடத்திலோ பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். சாமி கும்பிடக் கூடுகிறவர்களுக்கு ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தால், எதில் தொடங்குவது, எப்படி விடாமல் நடத்துவது என்று கூட இருந்து சொல்லிக்கொடுப்பார். இன்னமும் எல்லோருக்கும் அவர் ‘ஏட்டம்மா’தான்.

இந்த வேலை ஊரடங்கின்போது அவருக்கு வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் அவர் பாரா நின்ற தெருவுக்குக் காலையில் கோயில்காரர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். பதினோரு மணிக்கு சர்ச்சிலிருந்து வந்தது. மதியம் ஜமாத்திலிருந்து. இரண்டு தெரு தள்ளி, ஒரு மில்லின் தகரக் கொட்டகையில் அடைபட்டுக் கிடந்த வெளிமாநிலக்காரர்களுக்கு யாருமே போகவில்லை. நாச்சியார் மூன்று தரப்புக்கும் போன் போட்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட்டார். மறுநாளே எல்லோருக்கும் சோறு கிடைத்தது. அவ்வளவு சுலபமாக முடிந்தது அவருக்கே ஆச்சரியம்.

எல்லாமே அப்படி முடிந்துவிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சர்ச்சுக்காரர்களோடு சேர்ந்து மில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார். பெஞ்சு, கரும்பலகை, சுண்டல் எல்லாம் இருந்தது. பிள்ளைகள் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அவர்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருமாம். பெற்றவர்கள் ஷிப்டில் இருப்பதால் பிள்ளைகள்தான் குடத்தோடு நிற்க வேண்டும். இதை யாரும் போய்க் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லையே என்பது நாச்சியாரை ரொம்ப நாள் உறுத்தியது. அதிலிருந்து, இருபது வீட்டில் கேட்டுவிட்டு வராத எந்தக் குழுவையும் அவர் எதையும் தொடங்க விடுவதில்லை.

போன ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பங்கஜவல்லி மாமி கூப்பிட்டார். மாட வீதியில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஆழ்வார் பாசுரம் பாடிச் சேவிக்கும் கோஷ்டி அவருடையது. விசேஷ நாள்களில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கோயில் வாசல்லே வாங்கிக்கறவாளுக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கறோம். வேற ஏதானும் பண்ணணும் ஏட்டம்மா” என்றார் மாமி.

நாச்சியார் வழக்கம்போல இருபது வீடு என்றார். மாமிகள் தயங்கித் தயங்கித் தெருவைத் தாண்டிப் போனார்கள். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்த சேதியில் சோற்றைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர ஆள் இல்லை என்று ஒன்பது வீட்டில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் பட்டாளத்திலும் இருந்தார்கள்.

மாமியின் கணவர் யதிராஜனுக்கு இது பிடிக்கவில்லை. “நோயாளியைக் கூட்டிண்டு போற எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்று கேட்டார்.

“நான் சொல்லுதேன் சாமி” என்றார் நாச்சியார்.

முதல் மாதத்தில் நான்கு பேருக்குத் துணை போனார்கள். ஐந்தாவது ஆள் வன்னியம்பட்டி இசக்கிமுத்து. எழுபது வயது, ஆடு மேய்த்தவர், மனைவி இல்லை. இரண்டு கண்ணிலும் புரை. கூட ஒருவர் இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் சொன்னதால் மூன்று முறை திரும்பி வந்தவர். அவரோடு மாமியே போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தார். இசக்கிமுத்துவின் கையைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தும் பிடிக்கவில்லை. அன்னிய ஆண்பிள்ளையைத் தொட்டுப் பழக்கமில்லாத கூச்சம் என்றுதான் பிறகு நாச்சியாரிடம் சொன்னார். அது மட்டும்தானா என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னார்.

காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். மூன்று மணிக்கு மாமி, இசக்கிமுத்துவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சொட்டு மருந்து வாங்க வரிசையில் நின்றார். திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சு காலி.

நாச்சியார் அப்போது ராஜபாளையத்தில் ஒரு ஜமாத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மாமியிடமிருந்து போன் வந்தது.

“ஏட்டம்மா, அவரைக் காணலை. ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணுலே பார்வையே கிடையாது. ரோட்டுக்குப் போயிருந்தா என்ன பண்றது?”

“நீங்க கேட்லயே நில்லுங்க மாமி. அவரு வெளிய போகாமப் பாத்துக்கிடுங்க. இந்தா வாரேன்.”

பஸ்ஸில் அரைமணி நேரம். பணியில் இருந்தபோது எத்தனையோ பேரைத் தேடியிருக்கிறார். அப்போதெல்லாம் வராத பயம் இப்போது வந்தது. யதிராஜன் கேட்ட கேள்வி காதுக்குள் ஓடியது. அந்தக் கிழவருக்கு ஒன்று ஆகிவிட்டால், இந்தப் பெண்கள் இனி ஒருநாளும் தெருவைத் தாண்ட மாட்டார்கள். அதைவிட, நம்பி வந்த மனுஷன் என்ன ஆனாரோ.

கேட்டில் மாமி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். வாட்ச்மேன், கட்டுப் போட்ட பெரியவர் யாரும் வெளியே போகவில்லை என்று உறுதியாகச் சொன்னார். டீக்கடையில் பார்த்தாயிற்று. கழிப்பறையிலும் இல்லை. நாச்சியார் வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்டாக நுழைந்தார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீளமான வரிசை. அதன் நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் கட்டோடு இசக்கிமுத்து நின்றார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் வல்லரசு என்ற விசைத்தறித் தொழிலாளி. பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தது. மனைவி ஆதார் அட்டை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாராம்.

“என்ன பெரியவரே, எங்க வந்து நிக்கீங்க?” நாச்சியாருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“பக்கத்துல கெடந்து வலியில கத்திக்கிட்டு இருந்தாரு தாயி. கூட யாருமில்லன்னாரு. கம்பியப் பிடிச்சிக்கிட்டே, தள்ளிக்கிட்டுப் போனவுககூடயே வந்துட்டேன். நான் என்ன பண்ணேன், கம்பியப் பிடிச்சிட்டு நிக்கேன். செத்த நேரந்தான் ஆகும்னாவ.”

“சொல்லிட்டு வரப்படாதா!” என்று மாமி சத்தம் போட்டார். உடனே சிரித்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நாச்சியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் வலி அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

வல்லரசுவின் மனைவி வந்து சேரும்வரை மூவருமே அங்கேயே இருந்தார்கள். பிறகு மாமி இசக்கிமுத்துவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துப் படியிறக்கினார். வன்னியம்பட்டியில் அவர் வீட்டு வாசல்வரை அந்தக் கையை விடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாமி வீட்டில் கோஷ்டி கூடியபோது நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றார் நாச்சியார். மாமி எல்லோர் முன்னும் சொன்னார். யதிராஜன் முழுக்கக் கேட்டார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“ஒருத்தரா போகாதீங்கோ. ரெண்டு பேராப் போங்கோ. ஒருத்தர் வரிசையிலே நின்னா இன்னொருத்தர் பக்கத்துலே இருக்கட்டும்” என்றார் அவர். பிறகு, “பேரும் போன் நம்பரும் எழுதின அட்டை ஒண்ணு சட்டைப் பையில இருக்கணும். என் கையெழுத்து நன்னா இருக்கும். நான் எழுதித் தரேன்.”

நாச்சியார் அன்று இரவு பல நாளைக்குப் பிறகு கால்வலி மாத்திரை இல்லாமல் தூங்கினார்.

இப்போது கோஷ்டியில் எட்டுப் பேர் வாரம் மூன்று நாள் முறை வைத்துப் போகிறார்கள். இசக்கிமுத்துவுக்கு இரண்டாவது கண்ணும் முடிந்துவிட்டது. போன வாரம் நாச்சியார் ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறப்போகும்போது மாமி போன் செய்தார்.

“ஏட்டம்மா, இந்தச் செவ்வாய்க்கு நீங்க வரணும்னு இல்லை. நாங்களே பேசி முடிச்சுட்டோம். கால் வலியோட எதுக்கு அலையறேள்?”

மனசுக்குள் ஒரு நொடி சுருக்கென்றது. “சரி மாமி, சந்தோசம்” என்றார். எதிர்த் திசையில் போகும் சேத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.