மக்ரூன் கொடுத்துத் தொலைத்த நாய்

அன்பான பங்கு மக்களே, சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வியாதியில் தொடங்குவார்கள். என்னுடையது ஒரு கடத்தலில் தொடங்குகிறது. ஐம்பத்திரண்டு வயதில், அலமாரி கொள்ளாத புத்தகங்களைப் படித்து முடித்திருந்த நான், ஒரு தெருநாயைக் கடத்தினேன்.

எங்கள் தெருவில் எல்லாரிடமும் வாலாட்டும் அந்தச் செவலை நாய் என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கும். போன ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு முந்திரி மக்ரூனைக் காட்டி அதை ஸ்கூட்டரில் ஏற்றினேன். அலையைத் தடுக்கக் கடலோரம் பாறை கொட்டியிருக்கிறார்களே, அங்கே இறக்கினேன். மூன்றாவது மக்ரூனைத் தூர எறிந்தேன். அதை எடுக்க நாய் ஓடிய நேரம் பார்த்து வண்டியைக் கிளப்பினேன்.

போகும் வழியில் அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. என் கால்களுக்கு நடுவில் நின்று, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி வந்தது.

மறுநாள் காலைப் பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றேன். நாயை ஏமாற்றிய கையால் அதை வாங்க மனம் வரவில்லை. பாதியில் வெளியேறி நேரே கடற்கரைக்குப் போனேன். நாயைக் காணோம். பாறைகளுக்கு அடியிலிருந்து முனகல் மட்டும் வந்தது. நண்டைத் துரத்தியதோ, நிழல் தேடியதோ, இடுக்கில் விழுந்து பின்னங்கால் சிக்கிக் கிடந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டிருந்தது.

யாரைக் கூப்பிட? ஜெனோவாவைத்தான். எங்கள் தெருக்காரி, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டி முடிந்ததும் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து அடிபட்ட நாய், பூனை, கழுதை என்று தூக்கிக்கொண்டு திரிகிறவள். தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் அவளைப் பற்றி நான் அடித்த ஜோக்குகளுக்கு நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். பத்தே நிமிடத்தில் வந்துவிட்டாள்.

"நம்ம தெருச் செவலையில்லா? இங்கன எப்படிண்ணே வந்துச்சி?"

"நாந்தான் கொண்டாந்து விட்டேன்."

திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றேன்.

"குனிஞ்சதுதான் குனிஞ்சிய, அப்படியே கைய உள்ள விடுங்க. வையிறதுக்குப் பொறவு நேரம் இருக்கு" என்றாள்.

என் கை எட்டவில்லை. அவள் கையும் எட்டவில்லை. ஆள் இறங்க முடியாத இடுக்கு. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறார்கள், வரத் தாமதமாகும் என்றார்கள். தண்ணீர் நாயின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. முனகலும் நின்றுபோயிற்று. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாறைமேல் முழங்காலிட்டேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். வேண்டுமென்றே தொலைத்தவன் எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது? செவ்வாய்க்கிழமை தவறாமல் அவருக்குச் சொல்லும் நவநாள் செபத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. அதன் உயிருக்குப் பதிலாக என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல நான் அவ்வளவு நல்லவனும் இல்லை. "அது ஒண்ணும் செய்யலய்யா. நாந்தான், நாந்தான்" என்று மட்டும் கத்தினேன். அழுதேன். வெகுகாலத்துக்குப் பிறகு நான் சொன்ன உண்மையான செபம் அதுதான்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பக்கத்தில் ரொசாரி நிற்கிறார். சங்கு குளிக்கிறவர். இடுக்கை எட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார். கடல் பக்கமாகப் போய் மூழ்கினார். தண்ணீருக்கடியில் பாறைக்குள் ஒரு வழி இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நாய்க்குப் பக்கத்தில் அவர் தலை தெரிந்தது.

"ஏளா, துப்பட்டாவக் கீழ விடு" என்றார் ஜெனோவாவிடம்.

காலை விடுவித்து, துப்பட்டாவை வயிற்றில் சுற்றிக் கட்டினார். நாங்கள் இருவரும் இழுத்தோம். மேலே வந்த நாய் மூன்று காலில் நின்று உடம்பை உதறியது. பிறகு என்னைப் பார்த்துக் குரைத்தது. எந்தப் பாடற்குழுவும் எனக்கு அவ்வளவு இனிமையாகப் பாடியதில்லை.

அந்த நேரத்தில் ரொசாரி கரையில் இருக்கக்கூடிய ஆளே இல்லை. அன்று கச்சான் காற்று பலமாக வீசியதால் சங்குப் படகுகள் போகவில்லை. அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. அதனால் பாறையோரத்தில் அலையும் அடங்கியிருந்தது. நான் முழங்காலிடுவதற்கு வெகுநேரம் முன்பே அந்தக் காற்று கிளம்பிவிட்டது. நான் கேட்குமுன்பே பதில் புறப்பட்டுவிட்டது என்று நம்புகிறேன். இதைப் பற்றி யாரோடும் வாதாடத் தயாராக இல்லை.

ஜெனோவா பிறகும் என்னை வையவில்லை. கால் கட்டோடு இருந்த நாய்க்கு ஒரு மூலை கேட்டாள். எங்கள் மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்தோம். அந்த இடம் அன்றிலிருந்து காலியாகவே இல்லை. இப்போது காயல்பட்டினத்துச் சந்தில் பைக்கில் அடிபட்ட பூனை ஒன்று அங்கே குடியிருக்கிறது. சனிக்கிழமைகளில் கருத்தடைக்குப் போகும் நாய்களுக்கு நான்தான் டிரைவர். சட்டையெல்லாம் முடி. வீடெல்லாம் வாடை. மனசு நிறைவாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும். பழைய சேலை, கிழிந்த போர்வை இருக்கும். அவற்றை ஜெனோவாவிடம் கொடுங்கள். வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். கையை மீறிப் போகும்போது வாயில் வருவதைச் சொல்லி மன்றாடுங்கள். அழகாக இல்லாவிட்டாலும் அது கேட்கப்படுகிறது.

இதை உங்களுக்கு எழுதுமுன், போன வாரம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ரொசாரி எழுந்தார்.

"அண்ணாச்சி, நீங்க செபம் பண்ணுதியன்னு எனக்குத் தெரியாதுல்லா. கல்லுமேல ஒருத்தர் கெடந்து கத்துதாரே, காலு ஒடிஞ்சிபோச்சி போலன்னுதான் ஓடியாந்தேன். நாய்னு தெரிஞ்சிருந்தா டீயக் குடிச்சிட்டு வந்துருப்பேன்."