நிலைவாசலில் ஒரு முட்டுப் பலகை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, என் மனைவியின் தம்பியை நான் கொல்லப் பார்த்தேன்.

பதறாதீர்கள். ஆள் நன்றாக இருக்கிறான். நான்தான் இன்னும் சரியாகவில்லை.

காஜா பேராங்கில் வீடு கட்டுகிறேன் என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஏற்கெனவே பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். "மெர்டேக்கா கிடைச்சு நாடே சுதந்திரமாயிருச்சு, நீங்க இன்னும் வாடகை வீட்டுலயா மாமா?" என்று உசுப்பிவிட்டவன் மைத்துனன் ராசுதான். மர வீடு. தூணும் உத்தரமுமாக எலும்புக்கூட்டை முதலில் நிறுத்திவிட்டு, பிறகுதான் பலகைச் சுவர் அடிக்க வேண்டும். அளந்து, அறுத்து, துளை போட்டுக் கொடுக்க ஆ செங் என்ற வயதான சீனத் தச்சர். தூக்கி நிறுத்த நாங்கள். ஆபீசில் பேனா பிடிக்கிற கைக்குச் சுத்தியல் பிடிக்க எவ்வளவு ஆசை தெரியுமா?

சனிக்கிழமை சாயங்காலம் எலும்புக்கூடு எழுந்துவிட்டது. ஆனால் பாருங்கள், அது ஒப்புக்குத்தான் நின்றுகொண்டிருந்தது. பொருத்துகளில் மர ஆணி இன்னும் இறங்கவில்லை. அதுவரை சாயாமல் இருக்க, ஒரு தூணின் அடியிலிருந்து அடுத்த தூணின் தலைக்குக் குறுக்காக முட்டுப் பலகைகளை அடித்திருந்தார் ஆ செங். "இதில் மட்டும் கை வைக்காதே" என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

சிக்கல் எங்கே வந்தது? நிலைவாசலில்!

நமக்கு நிலைவாசல் வைப்பதுதான் பெரிய சடங்கு. மர வீட்டிலோ அது கடைசியில் மாட்டுகிற சாமான். "சுவரே இல்லை, கதவு எதற்கு?" என்று கேட்டார் ஆ செங். நியாயமான கேள்விதான். ஆனால் ஜாலான் துக்காங் எமாஸ் கோயில் வரை போய் நல்ல நேரம் குறித்து வாங்கி வந்துவிட்டேனே... ஞாயிறு ஒன்பதரையிலிருந்து பத்தரை. கெஞ்சினேன், முறைத்தேன், மறுபடி கெஞ்சினேன். மனுஷர் பெருமூச்சு விட்டுவிட்டு, முன்பக்கத் தூண்கள் இரண்டுக்கும் நடுவில் நிலையை நிறுத்திக் கொடுத்தார்.

ஞாயிறு. மாவிலை, மஞ்சள், குங்குமம். அக்கம்பக்கத்தில் நாலு பேர். மனைவி கோமதி கையில் விளக்கு. ராசு மட்டும் முன் உத்தரத்தின் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து மர ஆணி அடித்துக்கொண்டிருந்தான். "நீங்க பாட்டுக்கு சாமி கும்பிடுங்க மாமா, நான் பாட்டுக்கு அடிக்கிறேன்." ஆ செங் பின்பக்கம் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்தது. கோமதி வலது காலை எடுத்து வைக்க வேண்டியதுதான். அப்போதுதான் கவனித்தேன். நிலைக்குப் பின்னால், நெஞ்சு உயரத்தில், குறுக்கே போகிறது முட்டுப் பலகை!

"குனிஞ்சு போயிர்றேங்க, விடுங்க" என்றாள் கோமதி.

"முதமுதலா நுழையறே, குனிஞ்சா? ரெண்டு நிமிஷம் இரு."

ஒரு பலகைதானே? ஒரு பொருள் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாதவரை, அது நமக்கு இடைஞ்சலாகத்தான் தெரிகிறது. சுத்தியலை எடுத்தேன். கீழ் முனையில் நாலு அடி. ஆணிகள் பிய்த்துக்கொண்டன. பலகை மேல் ஆணியில் தொங்கியபடி அந்தப் பக்கத் தூணோடு ஒட்டிக்கொண்டது. ராசு அடித்த சத்தத்தில் நான் அடித்தது அவனுக்கும் கேட்கவில்லை, பின்பக்கம் ஆ செங்குக்கும் கேட்கவில்லை.

"வா" என்றேன், பெரிய சூரன் மாதிரி.

கோமதி கால் எடுத்தாள். மேலே ராசு ஓங்கி ஓர் அடி அடித்தான்.

கிர்ர்... என்று ஒரு சத்தம்.

நிலை கோணலாகத் தெரிந்தது. என் கண்தான் கோணலோ என்று நினைத்தேன். மேலே சத்தம் நின்றுபோயிற்று.

"மாமா... ஆடுது."

பன்னிரண்டு அடி உயரம். கீழே கருங்கல்லும் அறுத்த மரமும். நான் ஒரு தூணில் தோளைக் கொடுத்தேன். ஒரு வீட்டை ஒரு கிளார்க்கின் தோள் தாங்குமா? தூண் என்னையும் சேர்த்துத் தள்ளியது. அடுத்த தூணை, விளக்கைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள் கோமதி.

"அக்கா, வெளிய போ! நான் குதிச்சா ஒம்மேலதான் சாயும்!"

"நீ எறங்காம நான் போவ மாட்டேன்டா!"

"சொன்னா கேளுக்கா!"

அவன் குதிக்கவில்லை. அவள் நகரவில்லை. உத்தரம் மட்டும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நான் சாமியைக் கூப்பிட்டேனா, ஆ செங்கைக் கூப்பிட்டேனா? ஞாபகமில்லை. வந்தவர் ஆ செங்.

"ஜாங்கான் கெராக்!" அசையாதே என்று கத்திக்கொண்டே நீளப் பலகை ஒன்றோடு ஓடி வந்தார். ஒரு முனையைத் தூணில் கொடுத்து, மறுமுனையைத் தரையில் ஊன்றிக் காலால் உதைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அதன்மேல் விழுந்து அழுத்தினார்கள். மடமடவென்று ஆணி அடித்தார். கிரீச்சென்று ஒரு முனகலோடு வீடு நின்றது.

ராசு வழுக்கிக்கொண்டு இறங்கினான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கோமதி அவன் தலையில் ஒரு போடு போட்டாள். பிறகு அதே தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஆ செங் தொங்குகிற முட்டுப் பலகையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சாயா சாலா" என்றார். என் தப்பு... ஆணி சின்னதாகப் போட்டுவிட்டேன்.

ராசு வெறி வந்தவன்போல் எழுந்தான். "என்ன வேல செய்றே நீ? எங்க அக்கா அடியில நின்னுச்சுய்யா!" பாதி மலாய், பாதி தமிழ். கிழவர் தலையைக் குனிந்துகொண்டு அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார்.

நான்? உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை! வாயைத் திறக்கவில்லை. ஆணி சின்னதாகத்தான் இருந்திருக்குமோ என்று எண்ணக்கூட ஆரம்பித்துவிட்டேன்... சுத்தியல் என் கையிலேயே இருந்தது. கோமதி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

"நான்தான் கழட்டுனேன்" என்றேன். ஆ செங்குக்காக மலாயிலும் ஒருமுறை சொன்னேன். வெட்கக்கேடு, இரண்டு பாஷையில்.

யாரும் திட்டவில்லை. ராசு போய் ஆ செங்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ஏதோ சொன்னான். கிழவர் அவன் முதுகில் தட்டினார். பிறகு இருவரும் முட்டுப் பலகையை இருந்த இடத்திலேயே திரும்ப அடித்தார்கள். வேலை பாக்கி இருந்தது. ராசு மறுபடி மேலே ஏற வேண்டும்.

ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, கையிலிருந்த சுத்தியலை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"மாமா, எதிர்ல அந்தக் கட்டை மேல உக்காருங்க. மேலருந்து நான் பாக்குற மாதிரி. ரெண்டு கையும் மடியில இருக்கணும்."

உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணி வரை.

அந்த வீட்டுக்காக நான் இதுவரை செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்!